மேடையில் இருக்கும் அம்மா

என் மகன் பேசிப் பிழைப்பவன். அவன் மைக்கைப் பிடித்தால் போதும், உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள், நிற்பவர்கள் விசிலடிப்பார்கள். "இன்றே தொடங்கு", "வயது வெறும் எண்", "உன் வாழ்க்கையை நீ வாழாமல் வேறு யார் வந்து வாழ்வார்?" என்று அவன் அடுக்கிக்கொண்டே போனால் அரங்கத்தில் பாதிப் பேர் மூக்கைச் சிந்துவார்கள். வெளியே அவனுக்கு எழுச்சி அண்ணன் என்று பெயர். அந்த எழுச்சி அண்ணனைக் காலையில் படுக்கையிலிருந்து எழுப்புவதற்குள் என் மருமகளுக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிடும். அதை நான் வெளியே சொல்வதில்லை. பெற்ற வயிறாயிற்றே.

அவன் பேச்சின் கடைசியில் எப்போதும் ஓர் அம்மா வருவாள். கணவன் செத்த நாளிலிருந்து சிரிப்பையே மறந்தவள். தையல் மெஷினோடு இரவு பகலாக மல்லுக்கட்டி மகனைப் படிக்க வைத்தவள். அவனுக்கு நல்ல சோற்றைப் போட்டுவிட்டு, அடிப்பிடித்ததைத் தான் சுரண்டித் தின்றவள். தனக்கென்று எதையுமே கேட்காதவள். "அந்தத் தெய்வம்தான் என் அம்மா" என்று அவன் குரல் தழுதழுக்கும்போது அரங்கத்தில் விளக்கை மங்கலாக்குவார்கள்.

அந்த அம்மாவை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. அடிப்பிடித்தது என்றால் எனக்கு உயிர். முறுகலாக இருக்கும். அதற்காகவே அடுப்பைக் கொஞ்சம் கூடுதலாக எரிய விடுவேன். சின்ன வயதில் அவன் கேட்டு அழுதபோதுகூட முழுதாக விட்டுக்கொடுத்ததில்லை. சிரிப்பை மறந்தவளாம்! வேலையிடத்தில் நான் சிரித்தால் பக்கத்து ஷெட்டில் டயர் மாற்றுகிறவர்கள் எட்டிப் பார்த்து, "என்னக்கா விஷயம், எங்களுக்கும் சொல்லுங்க" என்பார்கள். அவன் அப்பா போனபோது அழுதேன். நிறைய அழுதேன். அப்புறம் வேலைக்குப் போனேன், நாலு பேரோடு பழகினேன், சிரித்தேன். இதில் தெய்வம் எங்கே வந்தது?

நான் பஸ் டிப்போவில் சீட் தைக்கிறவள். கிழிந்த உறையைப் பிரித்து, அமுங்கிப்போன ஃபோமை மாற்றி, புது ரெக்சினை விறைப்பாக இழுத்துத் தைக்க வேண்டும். எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. தைத்தவரே உட்கார்ந்து பார்க்காமல் எந்த சீட்டும் வெளியே போகக்கூடாது. பயணிகள் சீட் என்றால் இரண்டு முறை குதித்துப் பார்த்தால் முடிந்தது. டிரைவர் சீட் அப்படியில்லை. வண்டியில் மாட்டிய பிறகு ஏறி உட்கார்ந்து, கிளட்ச்சுக்குக் கால் எட்டுகிறதா, கியர் மாற்றும்போது இடுப்பு இழுக்கிறதா, ஸ்டியரிங்கை ஒடித்தால் முதுகு விலகுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். வண்டியில் சாவி இருக்காது. இன்ஜின் தூங்கிக்கொண்டிருக்கும். நாம் பாட்டுக்கு கிளட்ச்சை மிதித்து, கியரைப் போட்டு, திருப்பிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அந்த சீட்டில்தான் எனக்குப் பைத்தியம் பிடித்தது. அவ்வளவு உயரம், அவ்வளவு பெரிய கண்ணாடி. எதிரே தெரிவதென்னவோ ஷெட்டின் எண்ணெய்க் கறைச் சுவர்தான். நான் அந்தச் சுவரைத் தாண்டி, கடைத்தெருவைத் தாண்டி, பாலத்தில் ஏறி இறங்கி, ஊரைவிட்டே போய்விடுவேன். ஃபோம் வெட்டுகிற அக்கா வந்து வண்டியின் பக்கவாட்டில் தட்டுவாள். "எந்த ஊருக்குடி போயிட்டே? இறங்கு, அடுத்த சீட் காத்திருக்கு!"

இந்த வருஷம் டிப்போவில் டிரைவர்கள் பற்றாக்குறை. சின்ன வண்டி லைசென்ஸ் வைத்திருக்கும் ஊழியர்களுக்கு பஸ் ஓட்டப் பயிற்சி கொடுத்து எடுத்துக்கொள்ளப் போவதாக அறிவித்தார்கள். ஐம்பத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும். எனக்கு ஐம்பத்து நாலு. ரெக்சின் உருளைகளை ஏற்றிவர டிப்போ வேனை ஓட்டுவதால் என்னிடம் லைசென்ஸும் இருந்தது. இந்த முறையை விட்டால் அடுத்த முறை எனக்கு வயது தாண்டிவிடும். போய் நின்றேன்.

பயிற்சி கொடுக்கும் மீசைக்காரர் டிப்போ மைதானத்தில் நின்ற பஸ்ஸில் ஒவ்வொருவராக ஏற்றிச் சோதித்தார். என் முறை வந்தது. ஏறினேன், கண்ணாடிகளைச் சரிசெய்தேன், கிளட்ச்சை அழுத்தினேன், முதல் கியர், மெல்லக் காலை எடுத்தேன், இரண்டாவது, ஸ்டியரிங்கை அழகாக வளைத்தேன், மூன்றாவது. கை காலெல்லாம் வெண்ணெய் மாதிரி ஓடின. மீசைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தார். பின்னால் உட்கார்ந்திருந்த ஆண்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

"ஏம்மா," என்றார் கடைசியில், "வண்டி நின்ன இடத்துலேயே நிக்குது. நீங்க எங்கே போய்க்கிட்டு இருக்கீங்க?"

நான் இன்ஜினையே ஸ்டார்ட் செய்யவில்லை. அந்த சீட்டில் உட்கார்ந்தால் சாவி என்று ஒன்று உண்டென்பதே என் கைக்குத் தெரியாது. வெட்கத்தில் காது சுட்டது. "இந்த சீட்ல சாவி போட்டுப் பழக்கமில்லைங்க" என்றேன். அவர் கண்ணில் நீர் வருகிற வரை சிரித்தார். அப்புறம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "காலு சரியாத்தான் வேலை செய்யுது. இப்ப சாவியைப் போடுங்க பார்ப்போம்" என்றார்.

போட்டேன். அடிவயிற்றிலிருந்து பல் வரைக்கும் அதிர்ந்தது. இத்தனை காலம் செத்துக் கிடந்த வண்டிக்கு உயிர் வந்துவிட்டது. மைதானத்தை ஒரு சுற்று சுற்றினேன், திருப்பத்தில் ஒரு காலி டிரம்மைச் சாய்த்தேன். மீசைக்காரர் இறங்கிப் போய் டிரம்மை நிமிர்த்திவிட்டு வந்து, "திங்கட்கிழமை காலையில வந்துடுங்க" என்றார்.

அன்றைக்கே மகன் வீட்டுக்கு ஓடினேன். எட்டு மாதப் பேத்தி தரையில் தவழ்ந்துகொண்டிருந்தாள். அவன் சோபாவில் சாய்ந்து ஞாயிற்றுக்கிழமைப் பேச்சுக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னேன். கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தான். நான் ஏதோ ஜோக் சொன்னேன் என்று நினைத்துவிட்டான்.

"நெஜமாவாம்மா? இந்த வயசுல எதுக்கும்மா உனக்கு பஸ்ஸெல்லாம்?"

"வயசு வெறும் எண்ணுன்னு யாரோ சொன்னாங்க."

"அது அவங்களுக்குச் சொல்றதும்மா!"

சொன்னபின்தான் அவனுக்கே அது காதில் விழுந்தது போலிருக்கிறது. பேச்சை மாற்றினான். திங்கட்கிழமை மருமகளுக்கு விடுப்பு முடிகிறதாம். நான் வேலையை விட்டுவிட்டு வந்து பாப்பாவைப் பார்த்துக்கொண்டு ரெஸ்ட் எடுக்க வேண்டுமாம். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வதை ரெஸ்ட் என்று ஒருவன் சொன்னால், அதை அவன் ஒருநாளும் செய்ததில்லை என்று அர்த்தம்.

"முடியாதுடா."

"யோசிச்சுச் சொல்லும்மா."

"யோசிச்சுத்தான் சொல்றேன். முடியாது."

சரி சரி என்று தலையாட்டினான். அப்படித் தலையாட்டினால் அவன் காதில் ஒன்றும் ஏறவில்லை என்று பொருள். பள்ளிக்கூடத்துக் காலத்திலிருந்தே அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு அவன் வாழ்க்கையிலேயே பெரிய கூட்டம். நான் கட்டாயம் வரவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். "பளபளன்னு வேண்டாம்மா, சாதாரணமா வா" என்று போனில் இரண்டு முறை சொன்னான். என்னிடம் இருப்பதிலேயே சிவப்பான உடையைப் போட்டுக்கொண்டு போனேன். முன் வரிசையில் மருமகள் மடியில் பாப்பாவோடு உட்கார்ந்திருந்தாள்.

கடைசிப் பகுதி வந்தது. விளக்கு மங்கியது. செத்துப்போன கணவன், தையல் மெஷின், அடிப்பிடித்த சோறு எல்லாம் வரிசையாக வந்தன. எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் தேம்பினாள். அப்புறம் அவன் என்னை மேடைக்கு அழைத்துத் தோளில் கை போட்டுக்கொண்டான்.

"நண்பர்களே, இத்தனை வருஷம் உழைச்ச இந்தக் கை நாளையிலிருந்து உழைக்காது. என் அம்மா வேலையை விட்டுட்டு என்கூட வந்துடறாங்க. இனிமே அவங்க வாழ்க்கை முழுக்க ஓய்வு. இது ஒரு மகனோட பரிசு!"

கூரை அதிரக் கைதட்டினார்கள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. முடியாது என்று சொன்னவளை, முடியாது என்று சொல்ல முடியாத இடத்துக்குக் கூட்டிவந்து நிறுத்தியிருக்கிறான். இத்தனை பேருக்கு முன்னால் பல்லைக் காட்டிவிட்டு இறங்கிவிடுவேன் என்று கணக்குப் போட்டிருக்கிறான். மேடையில் இருக்கும் அந்த அம்மா அப்படித்தான் செய்திருப்பாள். அவன் கையிலிருந்த மைக்கை வாங்கினேன்.

"நான் வேலையை விடல. நாளைக்கு பஸ் ஓட்டக் கத்துக்கப் போறேன். இவன்கிட்ட அன்னிக்கே முடியாதுன்னு சொல்லிட்டேன். இவன் காதுல வாங்கல."

என் மகன் முகத்தில் ரத்தம் இல்லை. ஆனால் அவன் யார்? ஒரு நொடிதான். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு முன்னால் பாய்ந்தான். "பார்த்தீங்களா! இதைத்தான் நான் இவ்வளவு நேரமா சொல்லிக்கிட்டு இருந்தேன்! ஐம்பத்து நாலு வயசுல பஸ்! எழுந்து நில்லுங்க நண்பர்களே, என் அம்மாவுக்காக எழுந்து நில்லுங்க!"

எல்லோரும் எழுந்தார்கள். விசில் பறந்தது. நான் முடியாது என்றதையும் அப்படியே வாரிச் சுருட்டித் தன் பேச்சில் சேர்த்துக்கொண்டான். அடுத்த ஊரில் இது கடைசிப் பகுதியாகிவிடும்.

"உட்காருங்க" என்றேன். சிலர் உட்கார்ந்தார்கள். டிப்போவில் இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய குரலை எடுத்தேன். "எல்லாரும் உட்காருங்க! யாரும் எனக்குக் கைதட்ட வேண்டாம். இங்க தட்டிட்டு வீட்டுக்குப் போவீங்க. வீட்டுல உங்க அம்மாவோ பொண்டாட்டியோ எனக்கு இதைக் கத்துக்கணும்னு ஆசைன்னு சொன்னா, இந்த வயசுல எதுக்குன்னு கேட்பீங்க. இவனும் அதைத்தான் கேட்டான். எனக்குத் தட்டுறதுக்கு ஆள் வேண்டாம், வழியை மறிக்காம இருந்தாப் போதும்."

மைக்கை அவனிடம் நீட்டினேன். வாங்கினான். கூட்டத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனான்.

மேடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் கதவைச் சாத்திக்கொண்டு குதித்தான். "மானத்தை வாங்கிட்டியேம்மா! சரி, பஸ் ஓட்டு, ராக்கெட் ஓட்டு. பாப்பாவை யாரு பார்த்துக்கிறது? அதைச் சொல்லு முதல்ல!"

அப்படிக் கேள். இதுதான் விஷயம். இதைத் தோளில் கை போடாமல் முதலிலேயே கேட்டிருந்தால் நானும் நேராகப் பதில் சொல்லியிருப்பேன்.

"அவளுக்கு ஒரு அப்பா இருக்கானே. உன் பேச்செல்லாம் சாயங்காலம். பகல்ல நீ என்ன பண்றே?"

"தயார் பண்ணணும்மா. அது உனக்குப் புரியாது."

"பாப்பா தூங்கும்போது தயார் பண்ணு. அதிகாலையில எழுந்திரின்னு ஊருக்கே சொல்றியே, நீயும் ஒருநாள் எழுந்து பாரு."

மருமகள் பாப்பாவின் முதுகைத் தட்டிக்கொண்டு மூலையில் நின்றாள். அவள் அதிகம் பேசுகிற பெண் இல்லை. "இதைத்தான் அத்தை நானும் மூணு மாசமாக் கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றாள். சொல்லிவிட்டு, பாப்பாவை அவன் கையில் வைத்தாள். கோட்டு சூட்டோடு, இன்னும் கையிலிருந்த மைக்கோடு, அவன் அவளைப் பிடித்துக்கொண்டு நின்றான். மைக்கின் நுனியைப் பாப்பா வாயில் வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை மைதானத்துக்கு முதல் ஆளாகப் போனேன். மைதானத்தில் நாலு சுற்று முடிந்ததும் கூட்டமில்லாத சாலையில் ஓட்டவேண்டும் என்று மீசைக்காரர் சொல்லிவிட்டார். மற்றவர்கள் ஓட்டி முடித்து என் முறை வந்தது. ஏறி உட்கார்ந்தேன், சாவியைத் திருப்பினேன், வண்டி உறுமியது. அப்போது பையில் போன் அடித்தது.

"பேசிட்டு அணைச்சு வைங்க. கிளம்பினப்புறம் போன் கூடாது" என்றார் மீசைக்காரர்.

மகன்தான். பின்னால் பாப்பா வீறிட்டுக்கொண்டிருந்தாள். "அம்மா, ஒரு மணி நேரமா அழுவுறா. பால் கொடுத்துட்டேன், துணி மாத்திட்டேன், பொம்மையெல்லாம் காட்டிட்டேன். என்ன பண்றதுன்னே தெரியலம்மா." எழுச்சி அண்ணன் குரலில் எழுச்சியே இல்லை. அவனும் அழுதுவிடுவான் போலிருந்தது. "இன்னிக்கு மட்டும் வந்துடும்மா. நாளைக்கு நான் ஏதாவது ஏற்பாடு பண்றேன்."

என் பிள்ளை, என் பேத்தி. கால் கிளட்ச்சைவிட்டு விலகிக் கதவுப் பக்கம் போனதை நானே பார்த்தேன். இன்றைக்கு இறங்கினால் நாளைக்கும் இறங்குவேன். காலை இழுத்துப் பழைய இடத்தில் வைத்தேன்.

"காய்ச்சல் கீய்ச்சல் எதுவும் இல்லையே?"

"இல்லம்மா, தொட்டுப் பார்த்துட்டேன்."

"அப்ப தூக்கம்தான். தோள்ல போட்டுக்கிட்டு நட."

"நடந்துட்டேன்."

"இன்னும் நட."

"எவ்வளவு நேரம்மா?"

"அவ தூங்குற வரைக்கும். உன்னை நான் அப்படித்தான் தூக்கிட்டு நடந்தேன்."

அந்தப் பக்கம் பாப்பாவின் அழுகையும், அவன் எழுந்து நடக்கத் தொடங்கிய காலடிச் சத்தமும் கேட்டன. போனை அணைத்துப் பையில் போட்டேன்.

"போகலாமா?" என்றார் மீசைக்காரர்.

"போகலாம்" என்று முதல் கியரைப் போட்டு, வண்டியை வாசலுக்கு வெளியே எடுத்தேன்.