பேட்டரி இளைப்பாறும் நேரம்

அக்கா புருஷன் பிரடெரிக் கதவை உதைத்துத் திறந்தபோது லிண்டாவின் கையில் சோப்பு டப்பா இருந்தது. கொசு அடிக்கிற பேட்டின் குடலைப் பிடுங்கி அதற்குள் அடைத்து, வெளியே இரண்டு ஆணிகள் நீட்டியிருந்தாள். பொத்தானை அழுத்தினால் ஆணிகளுக்கு நடுவே நீலப்பொறி சடசடக்கும். ரிமோட்டுக்குப் போடுகிற பேட்டரி இரண்டுதான் அதற்குத் தீனி. பொழுதுபோகாமல் செய்த பொருள். அவனிடம் அடிபட்டுக் கை முறிந்து அக்கா செலின் காரங்காட்டில் லிண்டாவிடம் வந்து சேர்ந்த பிறகு, அதைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

வந்தவன் நேரே உள்ளே பாய்ந்தான். செலினின் கூந்தலைக் கையில் சுற்றித் தரையோடு இழுத்தான். கட்டுப்போட்ட கை வாசல்நிலையில் இடித்து அவள் அலறினாள். இன்று கொண்டுபோனால் அக்கா உயிரோடு திரும்பமாட்டாள் என்று லிண்டாவுக்குத் தெரியும். ஓடிப்போய் அவன் கழுத்தில் ஆணிகளை வைத்து அழுத்தினாள்.

மாடுபோலக் கத்திக்கொண்டு அவன் மண்டியிட்டான். நாக்கைக் கடித்ததில் தாடையெல்லாம் ரத்தம். பயத்தில் அவள் கட்டைவிரலை எடுக்கவே மறந்துபோனாள். பொறி மெலிந்து அணைந்தது.

"என்ன கொழுந்தியா, பேட்டரி தீந்துபோச்சா?" என்று எழுந்தான். முதல் குத்தில் அவள் பல் உடைந்தது. அடுத்தது விலாவில் விழுந்தது.

சுவரோரம் சுருண்டவளுக்கு ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. ஒரேயடியாக உறிஞ்சியதில் பேட்டரி மூச்சுமுட்டி நிற்கிறது, சாகவில்லை. சும்மா விட்டால் கொஞ்சம் தெம்பு திரும்பும். அதுவரை பொத்தானைத் தொடக்கூடாது. அவன் மிதித்தான். விரல் தானாகப் பொத்தானைத் தேடியது. அதை மடக்கிக்கொண்டு மிதி வாங்கினாள். அக்காவின் பக்கம் அவன் திரும்பப் போனபோது, ரத்தத்தைத் துப்பிவிட்டு, "இம்புட்டுத்தானா மச்சான் ஒங்க பெலம்?" என்றாள்.

அவன் குனிந்து அவள் கழுத்தை நெரித்தான். முகம் பக்கத்தில் வந்தது. கண் இருட்டத் தொடங்கியபோதுதான் ஆணிகளை அவன் காதுக்குக் கீழே பதித்து அழுத்தினாள். ஒரே ஒரு பொறி. அவன் கைகள் உதறி விலகின. பின்மண்டை பின்னால் கிடந்த அம்மியில் மோத, மல்லாந்து விழுந்து எழமுடியாமல் கிடந்தான்.

மீனுக்கு ஐஸ் உடைக்கிற மரச்சுத்தியலை நல்ல கையில் ஓங்கியபடி செலின் வந்து நின்றாள். அவன் நெற்றிக்கு நேரே குறிபார்த்தாள்.

"அக்கா, தலையில வேணாம்" என்றாள் லிண்டா.

செலின் ஓரடி தள்ளி நின்றுகொண்டாள். விரலிடுக்கில் தன் முடி இன்னும் சிக்கியிருந்த அவனுடைய வலது கையின் மேல், எலும்பு நொறுங்குகிறவரை அடித்தாள்.