பலகையில் முதல் ஆள்

சுபஹுத் தொழுகை முடித்து வந்தவர்களும் கோயில் மணி கேட்டு எழும்பி வந்தவர்களும் ஒன்றாகவே துறைமுக ஜெட்டியில் வந்து நின்றார்கள். கடல் இன்னும் நிறம் பிடிக்கவில்லை. கப்பலிலிருந்து கோதுமை மா மூட்டைகளை ஏற்றி வந்த பாரவள்ளம் ஜெட்டியோடு உரசிக்கொண்டு கிடந்தது. வள்ளத்துக்கும் ஜெட்டிக்கும் நடுவில் ஒரே ஒரு பலகை. ஒன்றரை அடி அகலம்.

இரண்டு பேர் தூக்கிவிட, ஸெய்னுதீன் குனிந்து முதல் மூட்டையை முதுகில் வாங்கினான். சாக்கின் சொரசொரப்பு பிடரியில் உராய்ந்தது. வாய்க்குள் மா புளித்தது. "நட" என்றான். பின்னால் பதினொரு பேர் அடியெடுத்து வைத்தார்கள்.

பலகைக்கு ஒரு சட்டம் இருந்தது. எல்லாரும் ஒரே அடியில் நடக்கவேண்டும். ஒருவன் பிசகினால் பலகை துள்ளும்; அவனும் போவான், பின்னால் வருபவனும் போவான். இடையில் யாரும் நிற்கவோ திரும்பவோ கூடாது. "நில்" என்று குரல் கொடுக்கும் உரிமை முதல் ஆளுக்கு மட்டுமே உண்டு. பன்னிரண்டு வருஷமாக ஸெய்னுதீன்தான் முதல் ஆள்.

அன்றும் அவனுக்குப் பின்னால் ஓர் ஆள் இடம் வெறுமையாகவே வந்தது. அது அபூதாஹிரின் இடம். அதை நிரப்ப வேண்டாமென்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. இரண்டு மாதமாக வரிசை அப்படித்தான் நடந்தது.

அந்த ஜெட்டியில் 'நோன்பு மாத்து' என்று ஒரு வழக்கம் இருந்தது. நோன்பு மாதத்தில் உச்சி வெயில் ஏறியதும், நோன்பாளிகள் பலகையை விட்டிறங்கி நிழலில் கிழிந்த சாக்குத் தைப்பார்கள். அவர்களுடைய சுமையை மற்றவர்கள் எடுப்பார்கள். பெரிய வெள்ளிக்கும் நத்தார்ப் பண்டிகைக்கும் இவர்கள் அவர்களுடைய சுமையை எடுப்பார்கள். தொடங்கி வைத்தவன் அதே வரிசையில் மூட்டை சுமக்கும் கிறிஸ்தோபர். ஒரு நோன்பு நாளில் ஸெய்னுதீனின் முழங்கால் நடுங்குவதைக் கண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் வந்து அவன் முதுகிலிருந்த மூட்டையைத் தன் முதுகுக்கு மாற்றினான். அவ்வளவுதான். அதுவே எட்டு வருஷம் நடந்தது.

இந்த வருஷம் அதை நிறுத்தியவர் ஜெட்டியில் கூலிக்கு ஆள் எடுக்கும் கொந்தராத்துக்காரர் கலீலுர் றஹ்மான் ஹாஜியார். "நோன்பு அல்லாஹ்வுக்கு. அதுக்கு நான் கூலி குடுக்க ஏலாது. பலகையை விட்டிறங்கிறவனுக்கு அரை நாள் கூலிதான்" என்றார்.

பதினேழாம் நோன்பு. பலகையின் நடுவில் வைத்து அபூதாஹிர் மெல்லக் கேட்டான்: "காக்கா, கண் இருட்டுது. ஒருக்கா நில்லுங்க."

ஸெய்னுதீன் நிற்கவில்லை. ஜெட்டியில் ஹாஜியார் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் நாலடிதான், சமாளி தம்பி" என்றான். மூன்றாவது அடியில் பலகை துள்ளியது. வள்ளத்துக்கும் கல்லுக்கும் நடுவில் அகப்பட்டு அபூதாஹிரின் கால் இரண்டிடத்தில் முறிந்தது.

இப்போது நகர சபைத் தேர்தல். அவர்களுடைய வட்டாரத்துக்கு விளக்குக் கட்சி ஹாஜியாரை நிறுத்தியிருந்தது. எதிரே, கட்சியில்லாமல், மணிச் சின்னத்தில் கிறிஸ்தோபர்.

தேத்தண்ணி நேரத்தில் வேறு பேச்சில்லை.

"கிறிஸ்தோபர், நீ வெண்டா சபையில என்ன செய்வாய்? கதிரையையும் முதுகில தூக்குவியா?"

"கதிரையில இருக்கிறவனையே தூக்கி வெளியில வைப்பன் மச்சான்."

"கையெழுத்துப் போடவே அரை மணித்தியாலம் எடுப்பாய். சனிக்கிழமையில அதுவும் ஏலாது."

எல்லாரும் சிரித்தார்கள். கிறிஸ்தோபரும் சிரித்தான். சனிக்கிழமைக் கள்ளை அவன் ஒருநாளும் மறைத்ததில்லை. பிறகு சிரிப்பை விட்டான். "நான் பெரிய ஆளில்ல. எனக்கு ஒண்டுதான் தெரியும். ஜெட்டியில கால் முறிஞ்சவனுக்கு ஆர் பொறுப்பு எண்டு சபையில எழும்பி நிண்டு கேப்பன். கேட்டுக்கொண்டே இருப்பன்."

ஸெய்னுதீன் இன்னும் முடிவெடுக்கவில்லை. அவன் மட்டுமல்ல, வரிசையில் பாதிப் பேர் அப்படித்தான், எந்தப் பக்கமும் சாயாமல் இருந்தார்கள். முதல் ஆள் எங்கே அடி வைக்கிறான் என்று அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது அவனுக்குத் தெரியும்.

அஸர் தொழுகைக்குப் பிறகு வீட்டில் அலுமாரியைத் திறந்து, வாப்பாவின் விளக்குக் கொடியை எடுத்து மடியில் வைத்தான். வாப்பா அதைப் பிடித்துக்கொண்டு ஊர்வலம் போன நாளில் அவனுக்குப் பத்து வயது. மழையில் ஒழுகிய பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டது அந்தக் கட்சி. அதை விட்டுக் கள்ளுக் குடிக்கிற ஒருவனுக்கு வாக்குச் சீட்டில் புள்ளடி போடுவதா?

மனைவி றுக்கியா மீன் கழுவிய கையோடு குசினியிலிருந்து வந்தாள். "கொடியோட கதைச்சுக்கொண்டு இரிக்கிறீங்களா?"

"கட்சி நம்மட கட்சி, றுக்கியா. ஆள்தான் பிழை."

"அப்ப ஆளுக்குப் போடாதீங்க."

"ஆளுக்குப் போடாட்டிக் கட்சிக்கும் போடாததுதானே? அதோட, உனக்குப் பேறு நோவு வந்த அண்டைக்கு ஹாஜியார்ட கார்தான் வந்தது. அதை மறக்க ஏலுமா?"

"மறக்கத் தேவையில்ல. நானும் மறக்கல்ல." அவள் அவனருகில் வந்து உட்கார்ந்தாள். "உங்களுக்கு நோன்பில மூட்டை மாத்தினது கட்சியா? ஒரு மனிசன். அதை நிப்பாட்டினதும் ஒரு மனிசன்தான். நாளைக்கு மறுமையில அல்லாஹ் கேக்கிறதும் உங்கட கட்சியை இல்ல, உங்களை. கொடியை எறியச் சொல்லி நான் சொல்லல்ல. பத்திரமா வையுங்க. கட்சி நல்ல ஆளை நிப்பாட்டுற காலம் வந்தா எடுத்துப் பிடிக்கலாம்."

அவன் கொடியை வாப்பா மடித்த மடிப்பிலேயே மடித்து வைத்தான்.

மறுநாள் காலை ஹாஜியார் ஜெட்டிக்கு வந்தார். வேலையை நிறுத்தச் சொல்லி எல்லாரையும் கூப்பிட்டார். வழக்கத்துக்கு மாறாகச் சிரித்தார்.

"ஸெய்னுதீன், நீ பரம்பரைக் கட்சிக்காரன். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில மேடையில ஏறி ரெண்டு வார்த்தை சொன்னாக் காணும். அபூதாஹிர் விழுந்தது அவன்ட கவலையீனம். நீதானே முதல் ஆள், நீ கண்டனீ."

"நான் முன்னுக்குப் போனனான் ஹாஜியார். பின்னுக்கு நடந்ததைக் காணல்ல. கேட்டனான்."

"என்னத்தைக் கேட்ட?"

"'ஒருக்கா நில்லுங்க' எண்டு அவன் கேட்டதை."

ஹாஜியார் கையைத் தட்டினார். "அப்ப ஏன் நீ நிப்பாட்டல்ல? குற்றம் உன்னில இரிக்கு!"

ஸெய்னுதீன் இரண்டு மாதமாகத் தூக்கிய சுமை அது. அதை இறக்கிவைக்க இதைவிட நல்ல இடம் கிடையாது என்று பட்டது.

"ஓம். பாதி என்னில. உங்களுக்குப் பயந்து நான் வாயைத் திறக்கல்ல. அதை மேடையிலயும் சொல்லுவன். மத்தப் பாதி ஆரில எண்டும் சொல்லட்டா?"

 பாரவள்ளம் கல்லில் இடித்தது.

"நன்றி கெட்டவனே! உன்ட பொஞ்சாதி நோவில கிடந்த அண்டைக்கு ஆர்ட கார் வந்தது?"

"உங்கட கார். அதுக்கு நான் அஞ்சு வக்துத் தொழுகையிலயும் துஆக் கேக்கிறன். மௌத்தாகும்வரைக்கும் கேப்பன். ஆனா அதுக்கு வாடகையா வோட்டைக் கேட்டீங்கண்டா, அண்டைக்குச் செஞ்ச நன்மையை நீங்களே விக்கிறீங்க ஹாஜியார். வித்துப்போடாதீங்க. அது உங்களுக்கு மறுமையில தேவைப்படும்."

"கட்சிக்குத் துரோகம் செய்யிறாய்!"

"கட்சி என்ட வாப்பாட. கொடி எங்கட அலுமாரியில பத்திரமா இரிக்கு. அது உங்கட கொந்தராத்தில சேராது."

வரிசையில் எங்கோ ஒருவன் சிரித்தான். கிறிஸ்தோபர் சிரிக்கவில்லை, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். ஹாஜியாரின் முகம் கறுத்தது. "தேர்தலண்டைக்கு எட்டு மணிக்கு லொறி வரும். லொறியில ஏறிறவனுக்குத்தான் அடுத்த நாள் இந்த ஜெட்டியில வேலை. யோசிச்சு நடந்துகொள்ளுங்க" என்று சொல்லிப் போனார்.

தேர்தல் நாள் விடிந்தது. லொறி விளக்குப் படங்களோடு ஜெட்டி வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. எட்டு மணிக்கு ஸெய்னுதீன் வந்தான். லொறியைத் திரும்பியும் பார்க்காமல் அபூதாஹிரின் வீட்டுப் பக்கம் நடந்தான். சற்றுத் தூரம் தனியாகத்தான் நடந்தான். பிறகு பின்னால் கால்கள் கேட்டன. ஒரே அடியில் வந்த கால்கள். எண்ணிப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. பன்னிரண்டு வருஷமாகக் கேட்ட சத்தம்.

காலில் கட்டோடு இருந்த அபூதாஹிரைக் கதிரையில் இருத்தி, இரண்டு மூங்கில் செருகி, நாலு பேர் தோளில் தூக்கினார்கள்.

"என்னை மாப்பிள்ளை ஊர்வலம் கொண்டு போறீங்களா?" என்றான் அவன், கண் கலங்க.

"மாப்பிள்ளை மூட்டையை விடப் பாரமா இரிக்கான்" என்றான் ஒருவன்.

வாக்குச்சாவடிக்குப் போகும் ஒழுங்கை குறுகலானது. றுக்கியாவும் இன்னும் சில பெண்களும் வரிசையின் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். அவர்களுக்கும் பின்னால், யாரும் ஏறாத லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டு ஊர்ந்தது.

நாளைக்கு வேலை இருக்குமா, கிறிஸ்தோபர் வெல்வானா, யாருக்கும் தெரியாது. அவர்கள் ஒரு வரிசைதான், வட்டாரம் பெரியது.

பாதி வழியில் அபூதாஹிர் ஸெய்னுதீனின் பக்கம் குனிந்தான். "காக்கா, முன்னுக்குப் பிடிக்கிறவருக்குத் தோள் நடுங்குது. கேக்க வெக்கப்படுறார்."

ஸெய்னுதீன் திரும்பிப் பார்த்தான். பிறகு நெஞ்சு நிறைய மூச்செடுத்து, ஒழுங்கை முழுக்கக் கேட்கக் குரல் கொடுத்தான்:

"நில்!"

வரிசை நின்றது. பெண்கள் நின்றார்கள். கடந்துபோக வழியில்லாமல் லொறியும் நின்றது.

கிறிஸ்தோபர் ஒரு வார்த்தையும் பேசாமல் வந்து, நடுங்கிய தோளிலிருந்து மூங்கிலைத் தன் தோளுக்கு வாங்கினான். மற்ற மூவருக்குப் பதிலாகவும் வேறு மூவர் தோள் கொடுத்தார்கள். லொறி மறுபடியும் ஹோர்ன் அடித்தது. ஸெய்னுதீன் அவசரப்படவில்லை. எல்லாத் தோளும் சரியாக அமைந்தனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"நட" என்றான்.