பாட்டுக்குள் சாகும் அம்மா

என் தம்பி அனிபால் வானொலியில் அம்மாவைப் பற்றிப் பாடி அழுதால், புவேனஸ் ஐரிஸே மூக்கைச் சிந்தும். துணி வெளுக்கும் தொட்டி, நரைத்த தலை, மன்னிக்கும் கண்கள், எல்லாம் வரும். எங்கள் ஊர் டாங்கோப் பாட்டுகளில் அம்மா ஒருத்திதான் தெய்வம். மற்ற பெண்கள் எல்லோரும் பட்டுக்கு ஆசைப்பட்டுப் பணக்காரனோடு ஓடிப்போனவர்கள். அம்மாவை வைத்துப் பார்த்துக்கொள்கிற அக்காவுக்கு அதில் ஒரு வரிகூடக் கிடையாது. போகட்டும், எனக்கென்ன வந்தது!

அம்மாவுக்கு வந்ததுதான் ஆபத்து. பாராக்காஸ் பேட்டையில் எங்கள் வாடகை அறையில் சுவரெல்லாம் ஈரம். இருமி இருமி அவள் வெறும் கூடாகிவிட்டாள். இன்னொரு குளிர்காலத்தை இந்த அறையில் தாங்கமாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அனிபாலுக்கோ ஊர் நடுவில் வெயில் விழுகிற, கணப்பு வைத்த வீடு. "கூட்டிட்டுப் போறேன்க்கா" என்று ஒவ்வொரு இசைத்தட்டுக்கும் ஒரு சத்தியம் செய்வான். அதோடு சரி.

ஞாயிறன்று காரில் வந்து இறங்கினான். கூட்டிப்போகத்தான் வந்திருக்கிறான் என்று நானும் மடச்சி மாதிரி அம்மாவுக்குத் தலை வாரிவிட்டேன். பின்னாலேயே ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரர் இறங்கினார்.

"அம்மா, இந்தப் புது ஸ்வெட்டரைக் கழட்டிடு. பழைய துணியா எதையாவது இடுப்புல கட்டிக்கிட்டு, தொட்டிகிட்ட நில்லு."

"டேய், அம்மாவுக்கு ஜுரம்டா!"

"ஒரே நிமிஷம்க்கா. ஜனங்களுக்கு அம்மாவை இப்படிப் பார்க்கத்தான் ஆசை."

"ஜனங்களுக்கு ஆசை, உனக்குப் பொழப்பு. தூ!"

படம் எடுத்தாயிற்று. பிறகு முற்றத்தில் கிதாரோடு உட்கார்ந்து புதுப் பாட்டைப் பாடினான். அதில் ஊர் சுற்றிய மகன் திரும்பி வருகிறான். இருட்டறையில் அம்மா அவன் பெயரைச் சொல்லிக்கொண்டே செத்துப்போயிருக்கிறாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் விசும்பினார்கள். எல்லோரையும்விட அதிகமாக அழுதவன் அவன்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அம்மா மட்டும் அழவில்லை.

"நல்லாத்தான்டா பாடுறே. அவ எதனால சாகறா?"

"குளிர்லம்மா. ஈரமான அறையில."

"அப்போ மகன் எங்க குடியிருக்கான்?"

"அது... அது பாட்டுல வராதும்மா."

"எப்படி வரும்? வந்தா எவன் அழுவான்?"

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். இருமிக்கொண்டே தெருவுக்குப் போய், காரின் கதவைத் திறந்து முன் இருக்கையில் உட்கார்ந்துவிட்டாள். விசும்பிக்கொண்டிருந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். புகைப்படக்காரர் அதையும் எடுத்தார்.

அனிபால் பின்னாலேயே ஓடினான். ஜன்னலருகே குனிந்து கெஞ்சினான்.

"இன்னைக்கு வேணாம்மா. அடுத்த வாரம் இசைத்தட்டு வருது. நீ என் வீட்டுல சௌக்கியமா இருக்கேன்னு தெரிஞ்சா பாட்டு எடுபடாதும்மா."

"எடுபடலேன்னா போகுது. எனக்குச் சாக இஷ்டமில்லடா. வண்டிய எடு."