மகாதேவி உப்பைக் கூட்டிய கதை

1

இந்தக் கதை என் யோசனை இல்லை. ஜெசிதா கேட்டாள், எழுதுகிறேன். வெளிநாடு போன தொழிலாளர்களுக்காகக் கொக்குவிலில் இயங்கும் சின்ன அமைப்பொன்றில் அவள் வேலை செய்கிறாள்.

"அண்ணை, எங்கடை ஆண்டு மலருக்கு ஒரு வெற்றிக் கதை வேணும். வாசிக்கிற ஆக்களுக்குக் கண் கலங்க வேணும்."

கலங்க வைப்பது எனக்குக் கைவந்த வேலை. தொடங்கினேன்:

புத்தூர் மகாதேவி கண்ணீரோடு விமானம் ஏறினார். வளைகுடாவின் கொடும் வெயில்...

எதிரே இருந்த மகாதேவி மறித்தார். "ஆர் அழுதது? யன்னல் சீற் கிடைச்ச புழுகத்திலை சிரிச்சுக்கொண்டு இருந்தனான்."

(நான் எழுதிய அந்த வசனத்தை வெட்ட மனம் வரவில்லை. அப்படியே கிடக்கட்டும்.)

2

நடந்தது இதுதான். நாற்பத்து மூன்று வயதில், இரண்டு வருட ஒப்பந்தத்தில், ஒரு பெரிய வீட்டுக்குச் சமைக்கப் போனார் மகாதேவி. போன அன்றே அவரது பாஸ்போட்டை வாங்கி அலுமாரிக்குள் பூட்டினாள் மேடம். இரண்டு வருடம் முடிந்தது. அலுமாரி திறக்கவில்லை. "உன்ரை சமையலைச் சாப்பிட்டுப் பழகிப்போட்டம். நீ போக ஏலாது" என்றாள்.

(அவள் சொன்னது அரபியில். மகாதேவி எனக்குப் புத்தூர்த் தமிழில் சொன்னார்.)

மூன்றாம் வருடம் மகள் பிரதீபாவுக்குக் குழந்தை பிறந்தது. போனில்தான் பார்த்தார். பிறகு போனும் அலுமாரிக்குள் போனது.

பக்கத்து வீட்டில் வேலை செய்த குருநகர் லவீனாவிடம் போன் இருந்தது. குப்பை கொட்டப் போகும்போது இருவரும் இரண்டு நிமிடம் கதைப்பார்கள். அவள்தான் ஜெசிதாவுக்கு அறிவித்தாள்.

3

ஜெசிதா பிரதீபாவைக் கூட்டிப்போய் முறைப்பாடு போட்டாள். ஒப்பந்தப் பிரதியைத் தேடிப் பிடித்தாள். தூதரகத்துக்கு ஆறு கடிதம் எழுதினாள். "கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது" என்று ஆறு பதில் வந்தது.

லவீனா மூலம் செய்தியும் அனுப்பினாள்: "அக்கா, ஓடிப்போகாதேங்கோ. பாஸ்போட் இல்லாமல் பிடிபட்டால் உங்களைத்தான் உள்ளுக்குப் போடுவாங்கள். பொறுங்கோ."

"பொறுத்தனான்," என்றார் மகாதேவி. "ஆனால் சும்மா பொறுக்கேல்லை."

முதல் கிழமை ஒரு சிட்டிகை உப்பு கூட. மறு கிழமை ஒரு கரண்டி. விருந்தாளிகள் வந்த நாளில் ஒரு கை நிறைய. மேடத்தின் மாமியார் ஒரு வாய் வைத்துவிட்டு, பூச்சாடித் தண்ணீரைக்கூடக் குடிக்கப் பார்த்தாராம்.

(பூச்சாடி என் கைச்சரக்கு என்று நீங்கள் சந்தேகப்படலாம். நானும் சந்தேகப்பட்டேன். மகாதேவி சத்தியம் பண்ணுகிறார்.)

"உன்ரை நாக்குச் செத்துப்போச்சோ?" என்று மேடம் கத்தினாள்.

"ஓம் மேடம். வயசு போட்டுது."

ஓர் அறை விழுந்தது. இதைச் சொல்லும்போது மட்டும் மகாதேவி சிரிக்கவில்லை. அடுத்த நாளும் உப்பைக் கூட்டினார்.

4

ஒரு வியாழக்கிழமை தூதரக அதிகாரி அந்த வீட்டுக் கதவைத் தட்டினார். அலுமாரி திறந்தது. ஜெசிதாவின் முடிவு இது.

அதிகாரி தட்டுவதற்கு முன்பே, பையும் பாஸ்போட்டும் வாசலில் எறியப்பட்டிருந்தன. பையின் மேலே மகாதேவி குந்தியிருந்தார். இது மகாதேவியின் முடிவு.

"கடிதம் போகாட்டில் அதிகாரி வந்திருப்பாரோ அக்கா?"

"அவர் வரேக்கை நான் வெளியிலை எல்லோ இருந்தனான், பிள்ளை!"

"அவர் எடுத்துத் தந்த வெளியேறுற அனுமதிப் பத்திரம் இல்லாட்டில் விமானத்திலை ஏத்தியிருக்க மாட்டாங்கள்."

"அது ஓம்," என்றார் மகாதேவி, பெரிய மனதோடு.

5

நான் உப்பையே தேர்ந்தேன். கதைக்கு அதுதானே ருசி? எழுதி முடித்து வாசித்துக் காட்டினேன். மகாதேவியின் முகம் மாறியது.

"தம்பி, இதை அச்சிலை போடாதேங்கோ. லவீனாவின்ரை ஒப்பந்தம் போன மாசம் முடிஞ்சுது. அவளையும் விடுகினம் இல்லை. அவளும் இதையே துவங்கிட்டாள். வெளியிலை தெரிஞ்சால் பிடிபட்டிடுவாள்."

லவீனாவுக்காக ஜெசிதா எழுதிய இரண்டாவது கடிதம் மேசையில் கிடந்தது.

ஆண்டு மலரில், "எமது அமைப்பின் தொடர் முயற்சியால்" என்று இரண்டு பக்கம் வந்திருக்கிறது. அதில் பொய் எதுவும் இல்லை.

அப்படியானால் இவ்வளவு நேரமும் நீங்கள் வாசித்தது? மகாதேவி கூட்டியது உப்பில்லை. சமையலறையிலேயே நடக்காததாகவும் இருக்கலாம். வியாழக்கிழமையையும் மாற்றிவிட்டேன். குருநகரில் இப்போது லவீனா என்று யாரையும் தேடிப் போகாதீர்கள். அவள் பெயர் அதில்லை. ஆனால் அவள் இருக்கிறாள், பூட்டிய ஓர் அலுமாரி உள்ள வீட்டில், நாளைக்கும் வேலை செய்வாள்.

மகாதேவி உண்மையில் என்ன செய்தார் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். கண்டுபிடித்தால், தயவுசெய்து ஒருவருக்கும் சொல்லாதீர்கள்.