அனலிசா கழுத்தில் கட்டியது

நான் பட்டம் வாங்கியதற்கு வீட்டு வாசலில் என் முகம் போட்டு ஆறடிப் பேனர் கட்டியிருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான் ஒருத்திதான். பேனருக்குக் கீழே நின்று குடும்பப் படம் எடுக்காமல் எங்கள் ஊரில் யாருக்கும் பன்றி வறுவல் தொண்டையில் இறங்காது.

மணிலாவிலிருந்து என் வகுப்புத் தோழி கிறிஸ்தெல் வந்திருந்தாள். காரும் டிரைவரும் உள்ள வீட்டுப் பெண். அக்கா நெனிதாவின் பத்து மாதக் குழந்தை அனலிசாவை அவள் பார்ப்பாளே என்று எனக்குக் கூசியது. குழந்தை மூச்சுப்பாதை குறுகிப் பிறந்தவள். தொண்டையில் துளை போட்டுச் செருகிய குழாய் வழியாகத்தான் அவளுக்கு மூச்சு. அக்கா அடுப்படியில் இருந்தாள். என் பட்டு ஸ்கார்ஃபைக் குழந்தையின் கழுத்தைச் சுற்றிக் கட்டினேன்.

குழாயை எதுவும் மூடக்கூடாது என்று நர்ஸ் ஆங்கிலத்தில் சொன்னதை அக்காவுக்கு எடுத்துச் சொன்னவளே நான்தான். படித்தவள் அல்லவா!

"ஐயோ, என்ன அழகுடி இது!" என்று கிறிஸ்தெல் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வரிசையில் நின்றோம். அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்து ஓரத்தில் நின்றாள். படம் எடுக்க நின்ற மாமா செல்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சீக்கிரம் எடுய்யா, பன்னிக்கே வயசாகிடும்!" என்றாள் கொரசோன் சித்தி. எல்லோரும் சிரித்தோம்.

குழாய் போட்ட அந்தக் குழந்தை அழுதால் சத்தம் வராது. என் இடுப்பில் இருந்தவள் காலை உதைத்தாள். ஆட்டம் போடுகிறாள் என்று இறுக்கிப் பிடித்தேன். அக்காதான் திரும்பிப் பார்த்தாள். குழந்தையின் உதடு நீலமாகியிருந்தது.

அக்கா ஸ்கார்ஃபைப் பிய்த்தெறிந்தாள். சளியில் நனைந்து குழாய் வாயில் ஒட்டியிருந்தது அது. ஆறாம் வகுப்போடு நின்றவள், உறிஞ்சும் மெஷினை ஓடவிட்டுச் சளியை எடுத்தாள். குழாய் சீறியது. உதட்டில் நிறம் திரும்பியது.

"கண்ணு பட்டிருச்சு," என்றாள் சித்தி. "யாரு புள்ளைய அழகுன்னது? வாம்மா, எச்சி தொட்டு வயித்துல வையி. உன் கண்ணு உன்னோட போகட்டும்."

கிறிஸ்தெல் அழுதுகொண்டே விரலை நாக்கில் நனைத்துக் குழந்தையின் வயிற்றில் வைத்தாள். "மன்னிச்சிருங்கக்கா, தெரியாம சொல்லிட்டேன்."

இந்த எச்சில் வைத்தியத்தை நாலு வருஷமாக ஊரெல்லாம் கேலி செய்தவள் நான். அன்று வாயைத் திறக்கவில்லை.

அக்கா என்னையே பார்த்தாள். யார் கட்டியது என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

"அழாதடி, உனக்கென்ன தெரியும்," என்று கிறிஸ்தெலின் முதுகைத் தடவினேன். அவள் எனக்கு நன்றி சொன்னாள்.