காது என்று எழுதிய தாள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றாம் வருஷம் ஆவணி மாதத்தில், ஓசூரில் பெங்களூர் பஸ்ஸைவிட்டு இறங்கிய திம்மப்பன் நாலடி நடந்து, சீத்தாப்பழக்காரி ஒருத்தியின் கூடைமேல் விழுந்தான். எழ முயன்றபோது தரை மறுபடியும் இடது பக்கமாகச் சரிந்தது. அப்படியே மண்டி போட்டு வாந்தி எடுத்தான்.

கூட்டம் கூடிவிட்டது. இந்தப் பக்கம் மதுவிலக்கு. எல்லையோ நாலைந்து மைல்தான். மைசூர்ப் பக்கத்திலிருந்து வந்த பஸ்ஸில் இறங்கித் தள்ளாடுகிறவனைப் பற்றி யாரும் இரண்டாவது தடவை யோசிப்பதில்லை.

"எந்தக் கடையில ஊத்திக்கினு வர? ஊதுடா" என்றார் போலீஸ்காரர்.

"குடிக்கலீங்க. தலை சுத்துதுங்க."

"குடிச்சா சுத்தத்தான் சுத்தும்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். திம்மப்பனுக்கு வாய்கள் அசைவது மட்டும் தெரிந்தது. இடது காதுக்குள் நெல் மிஷின் ஓடுகிற மாதிரி ஒரு இரைச்சல். இரண்டு பேர் அவனைத் தூக்கி, குடித்திருக்கிறானா என்று எழுதி வாங்குவதற்காக சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கே வெங்கடசாமி என்று ஒரு இளவயது டாக்டர் இருந்தார். அவர் வாயை முகர்ந்து பார்த்தார். பிறகு கண்ணிமையை விலக்கிப் பார்த்தவர், அப்படியே குனிந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். திம்மப்பனின் கருவிழி ஒரு பக்கமாக நகர்வதும் வெடுக்கென்று திரும்புவதுமாக இருந்தது.

"இவன் குடிக்கலை" என்று போலீஸ்காரரிடம் சொல்லி அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தினார். "எத்தனை வருஷமாப்பா இப்படி?"

ஏழு வருஷத்தில் இப்படி ஒருவர் கேட்டது இதுதான் முதல் தடவை. திம்மப்பனுக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. சட்டைக்குள் வைத்திருந்த கடுதாசியை எடுத்து நீட்டினான்.

பென்ஷன் ஆபீசிலிருந்து இரண்டு வருஷத்துக்கு முன் வந்த கடுதாசி அது. மனுதாரரின் நோய் பட்டாளத்து வேலையால் வந்ததல்ல. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறில் பட்டாளத்திலிருந்து விடுவிக்கப்பட்டபோது தனக்கு எந்த உபாதையும் இல்லை என்று மனுதாரரே கையெழுத்திட்டிருக்கிறார். ஆகவே கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.

"ஏம்ப்பா அப்படிக் கையெழுத்துப் போட்டே?"

"வரிசை பெருசுங்க. காது கேக்கல, தலை சுத்துதுன்னு சொன்னவங்கள எல்லாம் தனியா உக்கார வெச்சிட்டாங்க. ஆஸ்பத்திரியில மூணு மாசம் கெடக்கணும்னாங்க. எனக்கு ஊருக்குப் போவணும்னு இருந்திச்சு."

பர்மாவில் ஒரு ஆற்றின்மேல் படகுகளை வரிசையாகக் கட்டிப் பாலம் போட்டுக்கொண்டிருந்தபோது, பத்தடி தூரத்தில் குண்டு விழுந்தது. இடது காதிலிருந்து ரத்தம் வந்தது. பஞ்சு வைத்து அடைத்தார்கள். மறுநாள் அவன் வேலைக்குப் போய்விட்டான். சுற்றல் வந்தது பிறகுதான். அன்று அந்தப் படகில் கூட இருந்த ஒருவன் சாட்சி சொல்வான் என்று விலாசம் தேடி இன்று பெங்களூர் போயிருந்தான். கதவைத் திறந்த பெண், அவர் இறந்து ஒரு வருஷமாகிறது என்று கன்னடத்தில் சொன்னாள். கொஞ்சம் மோர் கொடுத்தாள்.

டாக்டர் மேஜைமேல் இருந்த இரும்புக் கவையைத் தட்டி, அது ரீங்கரிக்கும்போது ஒவ்வொரு காதிலும் வைத்துப் பார்த்தார். கண்ணை மூடி நடக்கச் சொன்னார்.

"காதுக்குள்ள தண்ணி நெறஞ்ச வளையம் மூணு இருக்கு. நாம நேரா நிக்கறமா, சாயறமான்னு மூளைக்குச் சொல்றது அதுதான். உனக்கு இடது பக்கம் அது கெட்டுப்போச்சு. இது முழுசாத் தீராது."

தீராது என்றதை திம்மப்பன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "அத எழுதித் தருவீங்களா சாமி? காதுன்னு எழுதணும்."

டாக்டர் இரண்டு பக்கம் எழுதிக்கொடுத்தார்.

கிருஷ்ணகிரி தாலுகா ஆபீசுக்கு எதிரே டைப் மிஷினோடு உட்கார்ந்திருக்கும் கோவிந்தப்பன் அதை வைத்து மேல்மனு அடித்தார். "பணம் எவ்வளவு வரும்னு தெரியுமா?" என்று கேட்டார். திம்மப்பன் அதை விசாரித்ததே இல்லை. அவனுக்கு வேண்டியது அந்த ஒரு வார்த்தை, சர்க்கார் முத்திரையோடு.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. சானமாவுக் காட்டை ஒட்டிய அவன் ஊரில் எல்லோருக்கும் அவன் குடிகாரன். ஐம்பத்தொன்றில் ஒரு நாள், ஒன்றரை வயது மகள் செல்வம்மாளைத் தூக்கிக்கொண்டு கிணற்று மேட்டில் நடந்தபோது சுற்றல் வந்து விழுந்தான். குழந்தையின் முழங்கை உடைந்தது. மனைவி மங்கம்மா ஓடிவந்து தூக்கினாள். பத்து நாள் கழித்து, குழந்தையோடு அஞ்செட்டியில் இருக்கும் அப்பன் வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. ஊர் சொன்னதை அவளும் நம்பிவிட்டாள் என்று அவன் முடிவுகட்டினான். கையில் தாள் இல்லாமல் போய் என்ன பேசுவது?

அடுத்த வருஷம் பெங்களூரில் பட்டாளத்து டாக்டர்கள் மூன்று பேர் அவனைப் பரிசோதித்தார்கள். படுக்கவைத்துக் காதுக்குள் குளிர்ந்த தண்ணீரை விட்டார்கள். அறை சுழன்றது. வழவழவென்று துடைத்திருந்த தரையில் வாந்தி எடுத்தான். கூசிப்போனாலும், மூன்று பேர் பார்க்க அது வந்ததே என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி. ஒருவர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

மார்கழியில் கடுதாசி வந்தது. கோவிந்தப்பன் ஒருமுறை மனதுக்குள் படித்துவிட்டு நிமிர்ந்தார். "ஒத்துக்கிட்டாங்கய்யா. முப்பது சதவீத ஊனம். போர்ப்பணியில ஏற்பட்ட உள்காதுச் சேதம்னு போட்டிருக்கு."

"காதுன்னு எங்க இருக்குதுங்க?"

அவர் விரலை வைத்துக் காட்டினார். ஆங்கில எழுத்துதான். திம்மப்பன் அந்த இடத்தை நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டான்.

தை பிறந்ததும் அஞ்செட்டிக்குப் போனான். தேன்கனிக்கோட்டைவரை ஒரு பஸ், அங்கிருந்து காட்டு வழியில் இன்னொன்று. மங்கம்மா களத்தில் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஐந்து வயதுப் பெண் ஒருத்தி கோழி விரட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய வலது கை முழுதாக நீளவில்லை; முழங்கையில் கொஞ்சம் மடங்கியே இருந்தது.

மங்கம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "வாங்க" என்றாள்.

அவன் தாளைப் பிரித்தான். "சர்க்காரே எழுதிட்டாங்க. நான் குடிக்கல மங்கம்மா. காதுலதான் கோளாறு. தோ, இங்க போட்டிருக்குது பாரு."

அவள் தாளைப் பார்க்கவில்லை. "நீங்க குடிக்கலன்னு எனக்குத் தெரியும். கூட இருந்தவளுக்கு வாசனை தெரியாதா?"

அவன் தாளை மடித்தான்.

"பின்ன ஏன் வந்துட்டே?"

"புள்ள கையி ஒடஞ்சி அழுவறா. என்னாச்சுன்னு கேக்கறேன். சொவத்தப் பாத்துக்கினு உக்காந்திருந்தீங்க. பத்து நாளு கேட்டேன். டாக்டருகிட்ட, எழுதறவங்ககிட்ட, யாரார்கிட்டயோ சொல்லியிருக்கறீங்க. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல."

களத்து ஓரத்தில் உட்கார்ந்து அவன் சொன்னான். ஆறு, படகு, குண்டு, பஞ்சு, வரிசையில் நின்று போட்ட கையெழுத்து. அவன் நினைத்திருந்ததைவிட அது சீக்கிரம் முடிந்துபோயிற்று. அவள் முறத்தைத் தொடாமல் கேட்டாள்.

"இப்பவும் வருதா?"

"மாசத்துக்கு ரெண்டு தடவ."

"வர்றதுக்கு முன்ன தெரியுமா?"

"செல நேரம் தெரியும். செல நேரம் தெரியாது."

மங்கம்மா மகள் இருந்த பக்கம் பார்த்தாள். "கோவமில்லீங்க. ஆனா இவள அங்க கூட்டிக்கினு வர பயமா இருக்குது. இல்லன்னு பொய் சொல்ல முடியல."

அவன் தலையாட்டினான். பயப்பட வேண்டாம் என்று சொல்ல அவனிடமும் எதுவும் இல்லை. அவள் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டாள். செல்வம்மாள் எதிரே உட்கார்ந்து, இவர் யார் என்று அம்மாவிடம் தெலுங்கில் கேட்டாள். மங்கம்மா சொன்னாள். அந்தப் பெண் அதன்பிறகு அவனை நிமிர்ந்தே பார்க்கவில்லை.

அந்த வருஷமும் அடுத்த வருஷமும் மங்கம்மா வரவில்லை. மாதம் ஒருமுறை அவன்தான் போய்வந்தான். பேசினார்கள், முன்பு ஒரே வீட்டில் இருந்தபோது பேசியதைவிட அதிகம். சாயங்கால பஸ்ஸுக்கு அவள் சாலைவரை வருவாள்.

அறுப்புக் காலத்தில் காட்டிலிருந்து யானைகள் இறங்கும்போது ஊரே தகரத்தைத் தட்டி விரட்டும். கேட்கிற காது தலையணையில் புதைந்திருக்க, திம்மப்பன் தூங்கிக்கொண்டிருப்பான். விடிந்து வெளியே வந்தால், மிதிபட்ட ராகிக்கு நடுவே அகலமான கால்தடங்கள் கிடக்கும். ஒரு தடத்தின் ஓரமாக உட்கார்ந்து, இன்னும் நிற்கிற கதிர்களை அறுக்க ஆரம்பிப்பான்.