உனைசி விரித்த பாய்

காலை ஐந்தரைக்கே அந்த முதியோர் இல்லத்தின் குளியலறைகளில் நீராவி கட்டிவிடும். வெளியே கரும்பாலைப் புகை, உள்ளே சோப்பும் மூத்திர வாடையும். ஏழு மணிக்குள் பதினொரு பேரை உனைசி குளிப்பாட்டியாக வேண்டும். ஆளுக்கு எட்டு நிமிஷம். ஒன்பதாவது நிமிஷம் பிறந்தால் இடுப்பில் தொங்கும் இல்லத்துக் கைப்பேசி கத்தும்.

பிஜியில், லம்பாசா ஆஸ்பத்திரியில் பதினாலு வருஷம் நர்ஸாக இருந்தவள். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துக்கு வந்தபின் வெறும் உதவியாளர். அந்த இறக்கத்தை அவள் விழுங்கிக்கொண்டாள். வெந்நீர் பட்டதும் ஒரு கிழ உடம்பு பயம் விட்டுக் கைக்குள் இளகும்போது அவளுக்கு வயிறு நிறைந்துவிடும். சர்ச் பாட்டு ஒன்றை முனகிக்கொண்டேதான் தேய்த்துவிடுவாள். ஆறு மாதத்துக்கு முன் கைப்பேசி வந்தது, பாட்டு நின்றது. ஆளைக் கழுவுகிறோமா தட்டைக் கழுவுகிறோமா என்று அவளுக்கே வெறுத்துவிட்டது.

ஆர்தர் டூலன் ஒருகாலத்தில் கரும்பு ரயில் ஓட்டியவர். அவரைத் தூக்க இரண்டு பேர் வேண்டும் என்பது சட்டம். மேலாளர் கிரெய்க் இரண்டாவது ஆளை எப்போதும் வேறு பக்கம் அனுப்பிவிடுவான். ‘இருவர் இருந்தோம்’ என்ற பொத்தானை அழுத்தாமல் கைப்பேசி வேலையை முடிக்க விடாது. எல்லோரும் பொய்யாக அழுத்தினார்கள், உனைசியும்தான்.

செவ்வாய்க்கிழமை ஒற்றை ஆளாக அவள் தூக்கியபோது கிழவர் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது.

அன்று மாலை ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த தாழம்பாயைச் சுருட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவள் ஊரில் தப்பு நேர்ந்தால் பாய் கொடுத்து மன்னிப்புக் கேட்பதுதான் வழக்கம். பாயை முன்னால் வைத்துத் தரையில் உட்கார்ந்து தலை குனிந்தாள்.

“எங்க கையில இருக்கும்போது விழுந்துட்டாரும்மா. எங்களை மன்னிச்சிருங்க.”

கிழவரின் மகள் டெனிஸ் ஒன்றும் புரியாமல் விழித்தாள்.

“வாங்கிக்கடி,” என்றார் கிழவர் கட்டிலிலிருந்து. “இவளாவது வந்தா. அந்த மேனேஜர் ஒரு போன்கூடப் பண்ணல.”

சேதி கிரெய்க் காதுக்குப் போயிற்று. வியாழனன்று கூப்பிட்டான்.

“மன்னிப்புக் கேட்டிருக்கீங்க. தப்பு பண்ணாதவங்க எதுக்குக் கேக்கப் போறாங்க?”

“எங்க ஊர்ல தப்பு பண்ணவ தனியாக் கேக்க மாட்டா. வீடே சேர்ந்து கேக்கும். உங்களுக்கும் சேர்த்துத்தான் கேட்டேன்.”

“என்னை ஏன் இழுக்கறீங்க?”

“ஒத்தையில விட்டது யாரு?”

கிரெய்க் சிரித்தபடி கைப்பேசியை அவள் பக்கம் தள்ளினான். “செவ்வாய்க்கிழமைக் குளியல் இன்னும் முடியாம நிக்குது. ‘இருவர்’னு அழுத்துங்க. தரை ஈரம், தற்செயல், அவ்வளவுதான். இல்லேன்னா உங்க கவனக்குறைவு. வேலை போனா விசாவும் போகும், லம்பாசாவுக்கு டிக்கெட்தான். காலைல பதில் சொல்லுங்க.”

தேநீர் அறையில் உனைசி சொன்னதைக் கூட வேலை செய்யும் லினெட் கேட்டாள். கரும்பாலையில் இருபது வருஷம் உழைத்து, ஆள்குறைப்பில் வெளியே வந்தவள் லினெட்.

“ஆலையில ரெண்டு ஆள் மெஷினை ஒருத்தன் தொட்டா சங்கம் சுவிட்சை அணைச்சுரும்,” என்றாள். “இங்க வந்து நானும் தினம் பொய்யா அழுத்தறேன். வெக்கமா இருக்குடி.” கோப்பையைக் கழுவி வைத்தாள். “வீடே கேக்கும்னியே, எப்படி உக்காரணும்?”

மறுநாள் உனைசி கிரெய்க்கின் அறைக்குள் இன்னொரு பாயை விரித்து உட்கார்ந்தாள். பின்னால் லினெட் வந்தாள், அவளுக்குப் பின்னால் காலை வேலை முடித்த எட்டுப் பேர், ஈர உடுப்போடு. பாய் போதவில்லை. மிச்சப் பேர் தரையில் அமர்ந்தார்கள்.

“நான் எழுந்திரிக்க ரெண்டு ஆள் வேணும், இப்பவே சொல்லிட்டேன்,” என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டாள் லினெட்.

“என்ன கூத்து இது? அன்னிக்கு அந்தக் குளியலறையில இவகூட யார் இருந்தீங்க?” என்றான் கிரெய்க்.

“யாருமில்ல,” என்றாள் லினெட். “அதைத்தான் சொல்ல வந்திருக்கோம். எழுதிக்கங்க, கீழ எங்க பத்துப் பேர் பேரையும் போடுங்க.”

“பொத்தானை நான் அழுத்த மாட்டேன்,” என்றாள் உனைசி. “இனிமே இவங்க யாரும் பொய்யா அழுத்த மாட்டாங்க. ரெண்டு ஆள் வேலையை ஒத்தையில தொடவும் மாட்டோம்.”

“எல்லாரையும் அனுப்ப முடியாதுன்னு நெனைப்பா?”

“அனுப்புங்க. நாளைக்கு அஞ்சரைக்கு நீங்க வந்து குளிப்பாட்டுங்க. ஆளுக்கு எட்டு நிமிஷம்.”

தலைமையகத்தைக் கேட்டுச் சொல்கிறேன் என்றான் கிரெய்க். விசாவைப் பற்றி வாய் திறக்கவில்லை. அது இன்னும் தலைக்கு மேல் தொங்கும் கத்திதான். லினெட்டை இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்கள்.

சனிக்கிழமை ஐந்தரைக்கு, தூக்க இரண்டு பேர் தேவைப்படும் ஐரிஸ் பாட்டியின் குளியலறை வாசலில் உனைசி காத்து நின்றாள். லினெட் மறுபக்கத்து வேலையைப் போட்டுவிட்டு வந்து சேர்ந்தாள். இருவருமாகப் பாட்டியைத் தூக்கி நாற்காலியில் அமர்த்தினார்கள். வெந்நீர் விழுந்தது, பாட்டியின் தோள் மெல்ல இளகியது. ஆறு மாதமாக நின்றிருந்த பாட்டு உனைசியின் வாயில் தானாக வந்தது. வார்த்தை தெரியாத லினெட் கூடவே முனகினாள். ஒன்பதாவது நிமிஷம் கைப்பேசி கத்த ஆரம்பித்தது. பாட்டியின் முதுகில் இன்னும் நுரை இருந்தது, அவர்கள் அவசரப்படவில்லை.